அறுவை வீதிக்கு வந்த பெண்

அண்ணன் மகள் கல்லூரியின் முதல் செமஸ்டர் விடுமுறையில் அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்தாள். பதினெட்டு வயது. பையில் நான்காக மடித்த ஒரு தாள் வைத்திருந்தாள். மூன்று டாப், இரண்டு லெக்கிங்ஸ். அதற்குக் கீழே அடிக்கோடிட்டு, ஆயிரம் ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்தப் பணம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. ஏடிஎம் அட்டையும் அவளிடமே இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பதினெட்டு வயதில் தன் பெயரில் பணம் வைத்திருந்த முதல் பெண் அவள். எனக்கு அது இருபத்தைந்தில்தான் வாய்த்தது. என் அம்மாவுக்கு வாய்க்கவே இல்லை.

படிப்புக்குக் கொடுத்த காசில் துணியா என்று கேட்பவர்கள் உண்டு. என் அண்ணனே கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிச் சீருடை இருக்கிறது. என்ன உடுத்துவது என்ற கேள்வி அதுவரை எழுவதில்லை. பள்ளி முடிந்த பிறகு வாரத்தில் ஐந்தாறு நாள் சொந்த உடையில் போய் வகுப்பில் உட்கார வேண்டும். முதலாண்டு மாணவிகளில் யாரிடம் இரண்டே செட் இருக்கிறது என்பது இரண்டாவது வாரத்தில் வகுப்புக்கே தெரிந்துவிடும். பாடம் நடத்தும் எனக்கும் தெரிந்துவிடும். அந்தப் பெண் மூன்றாவது பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆகவே அண்ணனிடம், துணியும் படிப்புச் செலவுதான் என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பழந்தமிழில் துணிக்கு ‘அறுவை’ என்றொரு பெயர் உண்டு. தறியிலிருந்து அறுத்து எடுக்கப்படுவதால் அறுவை. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். இன்றைக்கு அறுவை என்றால் என் வகுப்பைத்தான் குறிக்கும். சிலப்பதிகாரத்து மதுரையில் ஓர் அறுவை வீதி இருக்கிறது. ஊர்காண் காதையில் கோவலன் நகரைச் சுற்றிப் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, துணிப் பொதிகள் அடுக்கிய அறுவை வீதி, கூலக் கடைகள் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அப்போது கண்ணகி எங்கே இருந்தாள்? கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் கவுந்தியடிகளோடு இருந்தாள். பெருநகரத்துக்கு முதல்முறையாக வந்த அந்த இளம்பெண்ணுக்குக் கடைத்தெருவைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் மதுரையின் தெருக்களில் நடந்தது கையில் ஒற்றைச் சிலம்போடுதான்.

சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஜவுளிக்காரரின் தொழிலும் ஊரும் பெயரும் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தத் துணிக்கு நூல் நூற்றவர்களும் சங்கப் பாடல்களில் வருகிறார்கள். பெண்கள்தான், அதிலும் ஆண் துணையற்ற பெண்கள். நூலின் மென்மைக்கு உவமை தேவைப்படும்போது அவர்கள் வருவார்கள், உவமை முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்களுள் ஒருத்தியின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

பெண்ணுக்குத் துணி என்பது நெடுங்காலம் வாங்கும் பொருளாக இல்லை. அது அவளுக்குக் கொடுக்கப்பட்டது. யார் எப்போது கொடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் கூறைப்புடவை. தீபாவளிக்கு முதலில் அப்பாவும் பிறகு கணவனும் எடுத்துத் தருவது. கணவன் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி. அவளே செத்தாலும் பிறந்த வீட்டுக் கோடிதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அவள் உடம்பின் நிலை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆண் ஒரு துணியோடு நிற்பான். நிறத்தையும் விலையையும் அவன்தான் தீர்மானிப்பான். ‘மாமன் எடுத்தது’ என்று ஊருக்குக் காட்டும் பெருமையில் அவளுக்கு அந்தப் பச்சை பிடித்ததா என்ற கேள்வி அமுங்கிப்போகும். எனக்கு வந்த சீர்ப் பாவாடை வாடாமல்லி நிறம். இன்றுவரை அந்த நிறத்தை என்னால் உடுத்த முடியவில்லை.

இந்தக் கணக்குக்கு வெளியே பெண்களுக்குக் கிடைத்த சிறு சந்து, தெருவுக்கு வந்த மூட்டை வியாபாரி. மத்தியான வேளையில், ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வருவார். திண்ணையில் மூட்டையைப் பிரிப்பார். நாலைந்து வீட்டுப் பெண்கள் கூடி, தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி வேண்டாம் என்று தடுத்து, வாரத் தவணைக்கு ஒரு வாயில் புடவை எடுப்பார்கள். தவணைக் காசு அரிசிப்பானையிலிருந்தும் சுருக்குப்பையிலிருந்தும் வரும். எங்கள் அப்பத்தாவின் பெட்டியில் தாத்தா பார்க்காத புடவைகள் இரண்டு இருந்தன. பார்த்திருந்தாலும் அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

அண்ணன் மகளுக்கு மனசெல்லாம் தி.நகர். நான் முதலில் பழைய வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். எம்.சி. ரோட்டில் விலை குறைவு. “அத்த, தி.நகர் போகலையா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். சாயங்காலம் போகலாம் என்றேன்.

அவளிடம் நான் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. இந்த நகரமே மலிவான துணிக்காகப் பிறந்த நகரம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்வெளியில் இடம் கேட்டது துறைமுகத்துக்காக அல்ல. கப்பல் நிற்க வசதியில்லாத, அலையடிக்கும் கரை இது. இந்தப் பக்கத்தில் பருத்தித் துணி மற்ற இடங்களைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்பதுதான் முக்கியக் காரணம். கோட்டையைச் சுற்றி நெசவாளர்களும் சாயமிடுபவர்களும் வெளுப்பவர்களும் குடியேற்றப்பட்டார்கள். கப்பலில் ஏற்றும் முன் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734இல் நெசவாளர்களுக்கென்று கூவத்தின் வளைவில் உருவாக்கப்பட்டது சின்னத் தறிப் பேட்டை, நம் வாயில் சிந்தாதிரிப்பேட்டை. நகர வரலாற்று நூல்களில் கவர்னர்கள் வருவார்கள், துபாஷிகள் வருவார்கள், நெசவாளர் தலைவர்கள்கூட வருவார்கள். ஒரு தறிக்கு நூல் தர வேண்டுமானால் பல ராட்டைகள் சுற்ற வேண்டும். அவற்றைச் சுற்றியவர்கள் கிராமத்துப் பெண்கள். வயல்வேலை இல்லாத நாளில் நூற்றவர்கள், கணவனை இழந்தபின் நூற்றுப் பிழைத்தவர்கள். துணி மலிவாக இருந்ததற்கு அவர்களுடைய கூலி மலிவாக இருந்ததும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலை நூல் வந்து இறங்கியபோது முதலில் வேலை இழந்தவர்களும் அவர்கள்தான். நெசவாளர் வீழ்ச்சி பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நூற்றவர்களின் வீழ்ச்சி வீட்டுக்குள் நடந்ததால் அது அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

எம்.சி. ரோட்டில் கடைக்குள் கடை, சந்துக்குள் சந்து. வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் டாப்புகள். பெரும்பாலான கடைகளில் ட்ரையல் ரூம் கிடையாது. தோளில் வைத்துப் பார்த்து, இடுப்புச் சுற்றளவைக் கழுத்தில் சுற்றி அளந்து எடுக்க வேண்டியதுதான். அண்ணன் மகள் ஒரு மணி நேரத்தில் பேரம் பழகிவிட்டாள். 250 சொன்ன டாப்பை 180க்கு இறக்கினாள், இரண்டு எடுத்தாள். லெக்கிங்ஸ் 130 வீதம் இரண்டு. ஆகச் செலவு 620. பேரம் பேசும்போது அவள் குரல் மாறியது. வீட்டில் அப்பாவிடம் பேசும் குரல் அல்ல அது.

லெக்கிங்ஸ் எடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் புரிந்தது. 2015இல் ஒரு தமிழ் இதழ் லெக்கிங்ஸ் அணியும் பெண்களை ஆபாசம் என்று சாடி அட்டைப்படக் கட்டுரையே வெளியிட்டது. தெருவில் போகும் பெண்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் சும்மா இருக்கவில்லை, கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரையின் குரல் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. சுடிதாருக்கு அது பேசியது, நைட்டிக்குப் பேசியது, ஜாக்கெட்டுக்கே பேசியிருக்கிறது.

ஜாக்கெட்டுக்குப் பேசிய கதை தென்திருவிதாங்கூரில் நடந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து நடந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். சந்தையிலும் தெருவிலும் பெண்களின் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து ஆணை பிறப்பித்தது. அந்த ஆணையை நிதானமாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணியால் மேலுடம்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல மட்டும் அணியக் கூடாது. அனுமதி கொடுக்கும்போதே அந்தத் துணி முரடாக, மலிவாக இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். மலிவான துணியை அணிந்தவளைப் பார்த்ததும் அவள் இடம் இன்னதென்று தெரிந்துவிட வேண்டும். இன்று 180 ரூபாய் டாப் இந்த விதியைத்தான் உடைக்கிறது. பார்வைக்கு அது 900 ரூபாய் டாப்போலவே இருக்கிறது. மூன்று முறை துவைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். மூன்று துவைப்பு வரையிலாவது வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி.

பீச் ஸ்டேஷனிலிருந்து மாம்பலத்துக்கு எலக்ட்ரிக் ட்ரெயின். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்து நகர் அது. ஊருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். நாம் பாண்டி பஜார் என்கிற தெரு உண்மையில் சௌந்தரபாண்டியன் அங்காடி. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்கு அவர்தான் தலைமை வகித்தார். பெண்களுக்கு ஆண்களைப்போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின, 1989இல்தான். சொத்து கேட்ட மாநாட்டின் தலைவர் பெயரில் வளையலும் செருப்பும் வாங்கும் தெரு இருப்பதை நான் முரண்பாடாக நினைக்கவில்லை. கையில் காசு என்பது இரண்டுக்கும் பொதுதானே. ஆனால் அந்த நகரில் தெருத்தெருவாகப் பெயர் படித்துக்கொண்டே நடந்த அண்ணன் மகள், “எல்லாம் ஆம்பளைங்க பேராவே இருக்கு” என்றாள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருக்கும் ஊரில்.

தி.நகர் முதலில் பட்டுப் புடவைக்கான ஊர். 1928இல் தொடங்கிய நல்லி போன்ற கடைகளுக்குக் கல்யாணத்துக்காகக் குடும்பமே திரண்டு வரும். அது ‘கொடுக்கும்’ துணியின் சந்தை. ரங்கநாதன் தெரு வேறு வகை. 1970களுக்குப் பிறகு அங்கே பெருங்கடைகளை எழுப்பியவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நாடார் வணிகர்கள். தோள்சீலைக்காக அடிபட்ட பெண்களின் சமூகத்திலிருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டிலேயே மலிவாகத் துணி விற்கும் தெருவைக் கட்டினார்கள். நான் இதை நினைக்காமல் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததே இல்லை. நுழைந்ததும் பையை முன்பக்கம் இழுத்து மார்போடு அணைத்துக்கொள்வேன். பையைக் காப்பாற்ற மட்டும் அல்ல. அண்ணன் மகளுக்கும் அப்படியே செய்யச் சொன்னேன். “தெரியும் அத்த” என்றாள். பதினெட்டு வயதில் எல்லாப் பெண்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

ஒரு பெண் தனக்கான உடையைத் தானே வாங்குவது எப்போது தொடங்கியது என்று கேட்டால், நான் தாவணி போய்ச் சுடிதார் வந்த காலத்தைச் சொல்வேன். பாவாடை தாவணியைத் துணியாக எடுத்து, தைத்து, அளவு ஜாக்கெட் கொடுத்து, டெய்லரிடம் நடையாய் நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அம்மா கூட வருவாள், அல்லது அப்பா. சுடிதார் அளவு எழுதி வந்த உடை. எஸ், எம், எல். யாரையும் கேட்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. அவர்கள் புடவையிலேயே ஓட்டினார்கள். 2000களில் அரசு தந்த இலவச சைக்கிளில் அவர்களுடைய மகள்கள் ஏறியபோது தாவணி சக்கரத்தில் சிக்கியது. பள்ளிச் சீருடையும் சல்வார் கமீஸாக மாறியது. துப்பட்டா மட்டும் மிஞ்சி நின்றது. அதையும் இரண்டு பக்கமும் பின் குத்தச் சொல்லும் கல்லூரிகளை நான் அறிவேன்.

பாக்கெட் மட்டும் இன்னும் வரவில்லை. ஆண் குழந்தையின் ஒரு வயதுச் சட்டையில்கூடப் பாக்கெட் இருக்கிறது. தன் கணக்கில் ஆயிரம் ரூபாய் வைத்திருக்கும் பெண்ணின் டாப்பில் ஏடிஎம் அட்டை வைக்க ஓர் இடம் இல்லை.

ரங்கநாதன் தெருவின் ஒரு பெரிய கடையில் ட்ரையல் ரூமுக்கு வரிசை நின்றது. அண்ணன் மகள் மூன்று டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ட்ரையல் ரூம் என்றாலே மறைவாக வைத்த கேமரா பற்றிய செய்திகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கதவைத் தட்டினேன். “பாத்துட்டு இருக்கேன் அத்த” என்றாள். பிறகுதான் உறைத்தது. அண்ணன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான், சுவரில் ஆணியில் மாட்டியது. தலை முதல் கால் வரை தெரியும் கண்ணாடியும், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறையும் ஒன்றாக அவளுக்கு வாய்த்தது அங்கேதான். வெளியே வந்து, மூன்றும் வேண்டாம் என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற அம்மா ஒருவர்தான், ஒன்றும் எடுக்காததற்கு இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொண்டார்.

இந்தத் துணி ஏன் இவ்வளவு மலிவு? மாம்பலத்தில் தொங்கும் பல டாப்புகளின் கழுத்துப் பட்டியில் ஒரு லேபிள் பாதி வெட்டப்பட்டிருக்கும். திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மீந்தது, தையல் பிசகியது, சாயம் கூடியது எல்லாம் காதர்பேட்டை வழியாக நாடெங்கும் போகும். வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் தெரியாமலிருக்கக் கத்தரியால் லேபிளை வெட்டிவிடுவார்கள். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று நாம் பெருமையாக வாங்குவது இதைத்தான். 1980களில் திருப்பூரின் ஏற்றுமதி வேகமெடுத்தது. 2005 தொடக்கத்தில் உலக ஜவுளி வணிகத்தில் கோட்டா முறை முடிந்தபோது போட்டி கூடியது. விலையைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் மேலிருந்து கீழே வந்தது. அது கடைசியாக வந்து நின்ற இடம் பதினாறு வயதுப் பெண்.

சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் மூன்று ஆண்டு வேலை. ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியே போகக் கட்டுப்பாடு, மூன்றாண்டு முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோரிடம் சொல்லி, தென்மாவட்டங்களிலிருந்தும் பிற ஏழை ஊர்களிலிருந்தும் பெண்களைக் கூட்டிப்போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித் வீடுகளிலிருந்தும் நிலமற்ற வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். உடல்நலம் கெட்டு நடுவில் திரும்பியவர்கள் பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை. சங்கப் பாட்டில் ஆண் துணை இல்லாதவள் நூற்றாள். இருபத்தோராம் நூற்றாண்டில் ஆண் துணையை வாங்குவதற்காக நூற்றாள். இவள் நூற்ற நூலில் நெய்த துணியை, இவள் வயதுப் பெண் தன் முதல் சுதந்திரமாக வாங்குகிறாள். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவது எனக்கு எளிது. மலிவுத் துணியைக் கொண்டாடும் கட்டுரையும் எழுதலாம், அதை வாங்கும் பெண்ணைக் குற்றவாளியாக்கும் கட்டுரையும் எழுதலாம். பின்னது நம்மிடையே நிறைய வருகிறது. வெளிநாட்டு முதலாளியும் ஆலை முதலாளியும் தப்பித்துவிட, 180 ரூபாய் டாப் எடுத்த பெண்ணிடம் நியாயம் கேட்கிறார்கள்.

நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டவர்களும் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் இருந்த சங்கம் தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்றில் ஆடை நிறுவனத்தையும் வெளிநாட்டு வணிகப் பெயரையும் கையெழுத்துப் போட வைத்தார்கள். பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கத் தொழிலாளர்களே தளத்தில் இருப்பார்கள், தொழிற்சாலை மீறினால் வாங்கும் நிறுவனம் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டது என்பது அதன் சாரம். ஆசியாவில் ஆடைத் தொழிலில் இப்படியொரு கட்டாய ஒப்பந்தம் அதுவே முதல். நம் பாடப்புத்தகத்தில் அது இல்லை. சௌந்தரபாண்டியனாரின் பட்டிவீரன்பட்டியும் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை இங்கே சும்மா குறித்துவைக்கிறேன்.

தைக்கும் பெண்ணை நாம் பார்ப்பதில்லை. விற்கும் பெண் நம் கண்முன் நிற்கிறாள், காலை முதல் இரவு வரை. 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தபோதுதான் பலருக்கு அந்தக் கால்கள் கண்ணில் பட்டன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2008 செப்டம்பரில், ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பிடித்து உள்ளே இருந்த ஊழியர்கள் இருவர் இறந்திருந்தார்கள். தெரு சீக்கிரமே பழைய நெரிசலுக்குத் திரும்பிவிட்டது. கடைப் பெண்கள் உட்காரக் கூடாது என்று எழுதப்படாத விதி. உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். நரம்பு சுருண்ட கால்கள், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று குடிக்காத தண்ணீர். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு கேட்டது இருக்கை. கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்று மாணவிகளிடம் சொன்னபோது ஒருத்தி, “எங்கக்கா நாலு வருஷம் நின்னா மேடம்” என்றாள். வகுப்பு அன்றைக்கு அதற்கு மேல் நடக்கவில்லை.

கடைசியாக நுழைந்தது ஒரு நடுத்தரக் கடை. ட்ரையல் ரூமில் ஸ்டாக் அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் மகள் கருநீல டாப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அளவு சரியாக இருக்குமா என்று திணறினாள். விற்பனைப் பெண்ணுக்கு அவளைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். அதை வாங்கித் தன் சீருடைப் புடவைமேல் தோளோடு தோள் வைத்துக் காட்டினாள்.

“எனக்கு சரியா இருக்கு, உங்களுக்கும் இருக்கும். நாம ரெண்டு பேரும் மீடியம்தான்.”

“நீங்க எந்த ஊருக்கா?”

“சங்கரன்கோயில் பக்கம்.”

“நாங்க அருப்புக்கோட்டை.” இருவரும் சிரித்தார்கள். சென்னையில் இருவருக்கும் அது பக்கத்து ஊர். “நீங்களும் இதுல ஒண்ணு எடுத்திருக்கீங்களாக்கா?”

“பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப எடுக்கணும். இங்க எங்க போட்டுக்க?”

“உக்காரவே மாட்டீங்களா?”

அவள் சுற்றும் பார்த்துவிட்டு, கவுன்டருக்குக் கீழே துணி மூட்டைக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் லேசாகத் தட்டிக் காட்டினாள். “இருக்கு. சூப்பர்வைசர் சாப்பிடப் போறப்ப.”

299 ரூபாய். பில் போடும் இடத்தில் அண்ணன் மகள் தானே அட்டையைக் கொடுத்தாள், தானே எண்ணை அழுத்தினாள், கையால் மறைத்துக்கொண்டு. ஆயிரத்தில் 81 ரூபாய் மிச்சம். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கித் தந்தாள். நான் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை. குடித்துக்கொண்டே பில்லைப் பார்த்தாள். கடையின் பெயர், உரிமையாளரின் தந்தை பெயர், தேதி, டாப் ஒன்று, அளவு எம். விற்பனையாளர் என்ற இடத்தில் 114.

“அந்த அக்கா பேர் கேக்காம வந்துட்டேன் அத்த” என்றாள். திரும்பிப் போய்ப் பார்த்தோம். அந்தக் கவுன்டரில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.